மாணவர் தாளில் என் தூரிகை

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மரம் வரைந்துகொண்டிருந்தாள். வாட்டர் கலர். கிளைகளும் இலைகளும் நன்றாக வந்திருந்தன. அடிமரம் மட்டும் வெட்டி ஒட்டியதுபோலத் தட்டையாக இருந்தது. அவள் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி, நிழல் விழும் பக்கத்தில் அடர்த்தியாக ஒரு கோடு இழுத்தேன். காய்வதற்குள் வெறும் தண்ணீர் தொட்டு அதன் உள் ஓரத்தைக் கரைத்துவிட்டேன். சில வினாடி வேலைதான். அடிமரம் உருண்டு திரண்டு நின்றது.

"இப்ப பாரு" என்றேன்.

"நல்லாருக்கு சார்" என்றாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு பார்த்தால் அந்தத் தாள் பெஞ்சிலேயே கிடந்தது. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து எடுத்து அலமாரியில் வைத்தேன். அவள் கேட்டு வரவே இல்லை.

ஓவிய ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்கள் இப்படித்தான் கற்றுக்கொடுத்தேன். பிழை தெரிந்தால் கை தானாகப் போய்விடும். மாலையில் வீட்டில் என் படங்களை வரைவேன். வருடத்துக்கு ஒருமுறை, சில வருடம் இரண்டு முறை, கண்காட்சியில் வைப்பேன். பள்ளி ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருந்தேன்.

அப்புறம் ஒரு குழுக் கண்காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, நான் மிகவும் மதிக்கும் மூத்த ஓவியர் ஒருவர் என் படங்களைப் பார்க்க வந்தார். மாலை வெளிச்சத்தில் தேங்கி நிற்கும் தண்ணீரை வரைந்த கேன்வாஸ் ஒன்று, முழுக்கச் சாம்பல் நிறம். அதன் முன் கொஞ்ச நேரம் நின்றார். என் பேலட்டிலிருந்து இளம் ஆரஞ்சைத் தொட்டு, தண்ணீரின் விளிம்பில் மெல்லியதாக ஒரு தீற்றல் வைத்தார். "இது போதும்" என்றார். அன்போடு செய்தார். சரியாகவும் செய்தார், படத்துக்கு அந்த இடத்தில் அது தேவைப்பட்டது.

கண்காட்சிக்கு வந்தவர்கள் அந்தப் படத்தின் முன் நின்றார்கள். இரண்டு பேர் அந்த ஆரஞ்சைச் சுட்டிக்காட்டிப் பேசினார்கள். நான் அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வேறு பக்கம் போய்விட்டேன். அந்தப் படத்தில் கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போதுதான் பெஞ்சில் கிடந்த அந்த மரம் ஞாபகம் வந்தது. அவள் எதையும் மறந்துவிட்டுப் போகவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து மாணவர் தாளில் பிரஷ் வைப்பதை நிறுத்தினேன். கைப்பிடி அளவுத் துண்டுத் தாள்களைக் கட்டாக வைத்துக்கொண்டேன். யாராவது தடுமாறினால் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டுத் தாளில் அதே சிக்கலை நானும் வரைந்து பார்ப்பேன். அவர்கள் வாங்கும் தாள் மெல்லியது. ஈரம் பட்டதும் அலை அலையாக எழும்பும். நான் வீட்டில் பயன்படுத்துவது 300 ஜிஎஸ்எம் என்ற தடித்த பருத்தித் தாள். அந்தத் தாளில் எளிதாக வருவது இந்தத் தாளில் வராது என்பது, அவர்கள் வாங்கும் ரகத் தாளிலேயே நானும் வரைந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் தாளின் குறையை அவர்கள் கையின் குறையாக நினைத்திருக்கிறேன்.

சக ஆசிரியர்கள் சிலர் கேட்பதுண்டு: "ஸ்கூல்ல வேலை பார்த்துக்கிட்டு எப்படி சார் எக்சிபிஷன் வைக்க நேரம் கிடைக்குது?" ஓவியர் நண்பர்கள் இதையே திருப்பிக் கேட்பார்கள்: "இவ்வளவு வரையிறீங்க, அப்புறம் எதுக்கு இன்னும் ஸ்கூல்?" இரண்டு கேள்விகளிலும் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. ஒரு வேலை இன்னொன்றைத் தின்றுவிடும் என்ற எண்ணம். நேரத்தைப் பொறுத்தவரை அது உண்மை. தேர்வு வேலையும் படங்களுக்கு ஃப்ரேம் போடும் வேலையும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். ஆண்டு விழா மேடைக்குப் பின்திரை எழுதித் தர வேண்டும். ஓவிய வகுப்பைக் கணக்குக்குக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இதெல்லாம் எல்லா ஓவிய ஆசிரியருக்கும் தெரிந்த கதை.

சோர்ந்துபோகும் நாட்களில் ஆல்மா தாமஸை நினைத்துக்கொள்வேன். அமெரிக்காவின் வாஷிங்டனில் ஷா ஜூனியர் ஹை ஸ்கூல் என்ற பள்ளியில் 35 வருடம் ஓவியம் கற்பித்தவர். 1960இல் ஓய்வு பெற்ற பிறகுதான் முழு நேரமும் வரைய முடிந்தது. மூட்டுவலி இருந்தது. வீட்டு ஜன்னலுக்கு வெளியே இருந்த மரத்தின் இலைகளுக்கு நடுவே வெளிச்சம் விழும் விதத்தைப் பார்த்துப் பார்த்து, சின்னச் சின்ன வண்ணத் தீற்றல்களை வரிசையாக அடுக்கித் தனக்கென்று ஒரு பாணியை உண்டாக்கினார். 1972இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. அங்கே தனிக் கண்காட்சி கண்ட முதல் கறுப்பினப் பெண் அவர்தான். அப்போது வயது 80.

இதைச் சொன்னால், பாவம், இவ்வளவு வருடம் பள்ளியில் வீணாகிவிட்டதே என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளியில் இருந்த காலத்திலும் அவர் படிப்பதையும் வரைவதையும் விடவில்லை. 35 வருடம் பிள்ளைகள் கையில் வண்ணம் கொடுத்து, அவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்த கண் அது. அந்தக் கண் பிறகு வெறும் இலைகளைப் பார்த்ததும் இவ்வளவு கண்டுபிடித்தது என்றால், அதில் வகுப்பறைக்குப் பங்கில்லை என்று என்னால் நம்ப முடியாது.

ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸும் தொடக்கப் பள்ளி ஆசிரியராகத் தொடங்கியவர்தான். சதுரத்துக்குள் சதுரமாக அவர் வரைந்த புகழ்பெற்ற வரிசை 1950இல், அவருடைய 62ஆம் வயதில் தொடங்கியது. 1976இல் இறக்கும்வரை அதை விடவில்லை. அவர் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சி ஒன்றை நானும் வகுப்பில் செய்வதுண்டு. ஒரே வண்ணத் தாளிலிருந்து இரண்டு சிறிய துண்டுகள் வெட்டி, ஒன்றைக் கறுப்புத் தாளிலும் மற்றதை மஞ்சள் தாளிலும் வைக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு நிறமாகத் தெரியும். "சார், ஏமாத்துறீங்க" என்று பிள்ளைகள் தாளைத் தூக்கித் திருப்பிப் பார்ப்பார்கள். இதைச் செய்து காட்டிய நாளில்தான், என் படம் ஒன்றில் மாதக்கணக்காகச் சரிவராமல் இருந்த சிவப்பில் குறை இல்லை, அதைச் சுற்றியிருந்த பழுப்புதான் அதை அமுக்கிக்கொண்டிருந்தது என்று எனக்குப் பிடிபட்டது.

எங்கள் பீரியட் 40 நிமிடம். தண்ணீர் பிடித்து, தாள் எடுத்து உட்காரப் பத்து நிமிடம். கடைசியில் பிரஷ் கழுவ, பெஞ்சு துடைக்க எட்டு நிமிடம். மிச்சம் 22. அந்த 22 நிமிடத்துக்குள் ஒரு விஷயத்தைத் தொடங்கி முடிக்கப் பழகியதால், வீட்டிலும் உள்ளங்கை அளவுப் படங்கள் வரைய ஆரம்பித்தேன். கடந்த இரண்டு கண்காட்சிகளிலும் நான் வைத்தவை அவைதான். பெரிய கேன்வாஸ்களை விட அவற்றில்தான் நான் தெளிவாக இருக்கிறேன்.

ஒருமுறை ஒரு கண்காட்சியின் தேர்வுக் குழு என் படத்தை நிராகரித்தது. அதை வகுப்புக்கே எடுத்துப் போனேன். "இதை வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஏன்னு பாருங்க" என்றேன். முதலில் யாரும் பேசவில்லை. பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்து வானத்தைக் காட்டினான். பாதி காய்ந்த பூச்சில் தண்ணீர் சொட்டி, வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய், காலிஃபிளவர் விளிம்புபோல ஒரு கறை நின்றுவிட்ட இடம். "எனக்கும் இப்படித்தான் ஆகும் சார், நான் தாளைக் கிழிச்சிடுவேன்" என்றான். அன்று பாடம் எதுவும் நடத்தவில்லை. எல்லோரும் வேண்டுமென்றே கறை உண்டாக்கிப் பார்த்தோம். எவ்வளவு காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் கறை விழும், எப்போது விட்டால் விழாது என்று துண்டுத் தாள்களில் வரிசையாகக் குறித்துக்கொண்டோம்.

அதே பையன்தான் இன்னொரு நாள் நீலம் தீர்ந்துபோய், மஞ்சளில் கறுப்பைக் கலந்தான். பச்சை வந்தது. பாசி படிந்த கல்லின் நிறத்தில் அமைதியான, கனமான பச்சை. மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் பச்சை வரும் என்பது ஓவியர்களுக்குத் தெரிந்ததுதான், எனக்கும் தெரியும். ஆனால் அதைப் படத்தில் நம்பிப் பயன்படுத்தியதில்லை. எப்போதும் நீலத்தைத்தான் தேடிப் போவேன். அன்று அவன் அதை அப்படியே தாள் முழுக்கப் பூசிக்கொண்டு போனான். நான் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுத் தாளில் கலந்து பார்த்தேன்.

இப்போது செய்துகொண்டிருக்கும் படங்களில் அந்தப் பச்சையைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். லெமன் மஞ்சளில் கலந்து பார்த்தேன், கொஞ்சம் புளித்த மாதிரி வருகிறது. காட்மியம் மஞ்சளில் பழுப்பு ஏறிவிடுகிறது. கறுப்பை மாற்றியும் பார்த்துவிட்டேன். கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஆனால் அவன் பூசியது அதுவல்ல. பிரஷ் கழுவிக் கழுவிக் கலங்கிப்போன தண்ணீரில்தான் அவன் அதைக் கலந்தான். அந்தத் தண்ணீரில் அதற்கு முன்னால் என்னென்ன நிறம் கழுவினாய் என்று திங்கட்கிழமை அவனிடம் கேட்க வேண்டும்.