ஃப்ளீட் தெருவின் பழைய மதுக்கூடம்

லண்டன் ஃப்ளீட் தெருவை ஒட்டிய குறுகிய சந்தொன்றில் இருக்கும் 'யே ஓல்ட் செஷர் சீஸ்' மதுக்கூடம், 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் எரிந்துபோய், மறு ஆண்டே மீண்டும் கட்டப்பட்டது. உள்ளே கறுத்த மரச்சுவர்கள். நண்பகலிலும் மங்கிய வெளிச்சம்தான்.

இத்தகைய பழைய மதுக்கூடங்களில் பானம் வேண்டுமென்றால் நாமே எழுந்து, ஊற்றிக் கொடுக்கும் மேடைக்குச் செல்ல வேண்டும். அங்கே வரிசை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் யாருக்கு முன் யார் வந்தார் என்பதை ஊற்றிக் கொடுப்பவரும் நிற்பவர்களும் மனத்தில் குறித்து வைத்திருப்பார்கள், முந்திக்கொள்பவரை யாரும் விரும்புவதில்லை.

பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, நிலவறையில் 11 முதல் 13 பாகை செல்சியஸ் வெப்பத்தில் காக்கப்படும் ஏல் என்னும் பியர் வகை, கைவிசையை இழுக்க இழுக்கச் சிறிது சிறிதாக ஏறி, 568 மில்லிலிட்டர் கொள்ளும் பைன்ட் குவளையை நிரப்புகிறது. பனிக்கட்டிபோல் குளிர்ந்த பியருக்குப் பழகிய நம்மவர்களுக்கு முதல் மிடறு ஏமாற்றமாகவே இருக்கும். பாதிக் குவளைக்குப் பிறகுதான் மால்ட் எனும் முளைகட்டிய தானியத்தின் இனிப்பும் ஹாப்ஸ் பூக்களின் கசப்பும் தனித்தனியே புலப்படும்.

உணவில் என் தேர்வு, மாட்டுக் கொழுப்பு சேர்த்துப் பிசைந்த மாவுக்குள் இறைச்சியையும் சிறுநீரகத்தையும் பொதிந்து, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கும் புட்டிங்தான். காரம் துளியும் இராது என்பதால், கடுகு விழுதைத் தாராளமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.