யு.எச்-19பி: வால்தண்டு ஒருவழியாகச் சாய்ந்தது

நான் செய்துவரும் ஹெலிகாப்டர் மாதிரியில், மூன்று வாரங்களாக என்னை அலைக்கழித்த வால்தண்டு (உடலிலிருந்து பின்னோக்கி நீண்டு வால் சுழலியைத் தாங்கும் பகுதி) நேற்றிரவு சரியான சாய்வில் நின்றுவிட்டது. ஓஹியோ மாநிலத்தின் டேட்டன் நகரில், அமெரிக்க விமானப்படையின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் சிகோர்ஸ்கி யு.எச்-19பி ஹெலிகாப்டரை 1/72 அளவில் செய்யத் தொடங்கினேன். கையிலிருந்த கிட் (ஒட்டி மாதிரி செய்வதற்கான பிளாஸ்டிக் பாகங்களின் தொகுப்பு) முந்தைய ஏ வகைக்குரியது. அதில் வால்தண்டு நேராகச் செல்லும். பி வகையில், சுழலி இறக்கைகள் அதில் மோதிவிடாதபடி சற்றே கீழிறங்கும். 1952-இல் அட்லாண்டிக்கைக் கடந்த இரு ஹெலிகாப்டர்களும் ஏ வகையே என்பதால், அவற்றுள் ஒன்றாக முடித்திருந்தால் இத்தனை உழைப்பு தேவைப்பட்டிருக்காது. ஆனால் எனக்கு டேட்டனில் நிற்பதுதான் வேண்டும்.

முதலில் வெந்நீரில் காட்டி வளைத்தேன். பக்கச் சுவர் புடைத்துக்கொண்டது. அடுத்து, தண்டை முழுவதுமாக அறுத்து அடிப்பகுதியை அரத்தால் தேய்த்து ஒட்டியபோது, சாய்வு சரியாக வந்தும் வால் இடப்பக்கம் திரும்பியிருந்தது. வேறொரு கிட்டிலிருந்து எடுத்த உடற்பகுதியில், இரு பாதிகளையும் இணைக்கும் முன்பே ஒவ்வொன்றின் கீழ்விளிம்பிலிருந்தும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆப்பு வடிவத் துண்டை வெட்டி, மேல்விளிம்பை அறுக்காமல் கீல்போல விட்டு, கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து மடித்தேன். வால்நுனி ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தாழ்ந்தது. உள்ளே பித்தளைப் பட்டை கொடுத்து ஒட்டியபின் அசையவே இல்லை. இந்த வேலையைப் பற்றி எனக்கு உண்மையிலேயே பெருமிதம் உண்டு.

மூக்கில், அதாவது ஹெலிகாப்டரின் முன்முனையில், உள்ள இயந்திரம் இன்னும் பாக்கி. இயந்திரத்தை மூக்கில் சாய்வாக அமர்த்தி, அதன் தண்டை விமானி அறையின் ஊடே மேலே கொண்டுசென்றதால்தான் பயணிகள் அறை சுழலிக்கு நேர்கீழே அமைந்தது. ஆட்களோ நோயாளிகளோ சரக்கோ எது ஏறினாலும் ஈர்ப்பு மையம் பெரிதாக நகரவில்லை. பல பணிகளுக்கும் இது பொருந்தியதற்குக் காரணமான அந்தப் பகுதியைக் கதவு திறந்து காட்டியே ஆக வேண்டும். ஏ வகையில் ஒன்பது உருளைகள் (சிலிண்டர்கள்) கொண்ட 600 குதிரைத்திறன் இயந்திரம். பி வகையில் ஏழு உருளைகள் கொண்ட 700 குதிரைத்திறன் ரைட் ஆர்-1300. ஏழு என்று தெளிவாக எழுதிக் கேட்டும், ரெசினில் (பிசினில்) வார்த்த மாதிரி இயந்திரங்களை விற்பவர் ஒன்பதையே அனுப்பியிருக்கிறார். அதே மூக்கு அமைப்புக் கொண்ட சோவியத் மி-4 ஹெலிகாப்டரின் கிட்டும் அலமாரியில் காத்திருக்கிறது. அதற்கு முன், ஏழு உருளைகளையும் நானே பிளாஸ்டிக் கம்பியில் செதுக்கப் போகிறேன், இரண்டு முடிந்துவிட்டன.