ரேண்டம் டேட்டா வேகமாகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும்

டிஸ்க், நெட்வொர்க், பேக்கப் என்று எதைச் சோதித்தாலும் ஒரு பெரிய ஃபைல் தேவைப்படும். பலரும் டெவ் ஜீரோவிலிருந்து (லினக்ஸில் முடிவில்லாமல் பூஜ்யம் தரும் டிவைஸ் ஃபைல்) பூஜ்யங்களை இழுத்துப் போட்டு வேலையை முடிக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் கம்ப்ரஷன் போட்டிருந்தால் பூஜ்யங்கள் சுருங்கிக் காணாமலே போய்விடும், சில எஸ்எஸ்டி கன்ட்ரோலர்களும் உள்ளுக்குள் இதையேதான் செய்கின்றன, கடைசியில் திரையில் வரும் எண்ணுக்கும் டிஸ்க்கின் வேகத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

சரி, அப்படியானால் டெவ் யூரேண்டம், அதாவது சுருக்க முடியாத ரேண்டம் பைட்டுகளை லினக்ஸ் தரும் டிவைஸ் ஃபைல். 2016-இல் வந்த லினக்ஸ் 4.8-க்கு முன்னால் அதற்குள் ஷா-1 என்ற ஹாஷ் முறை ஓடிக்கொண்டிருந்தது, ரொம்ப மெதுவு. அதன் இடத்தில் சாச்சா20 என்ற வேகமான சைஃபர் (என்கிரிப்ட் செய்யும் முறை) வந்தபிறகு ஒரே கோரில் நொடிக்குச் சில நூறு எம்பி சுலபமாகக் கிடைக்கிறது. ஹெட் கட்டளைக்கு மைனஸ் சி கொடுத்து வேண்டிய அளவை வெட்டிக்கொள்ளலாம், சின்ன வேலைக்கு இதுவே போதும். டேட்டாவைப் பிளாக் பிளாக்காக நகலெடுக்கும் டிடி கட்டளையில் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் கவனிக்க: பழைய லினக்ஸ் கர்னல்கள் பலவற்றில் யூரேண்டம் ஒரு ரீடுக்கு 33,554,431 பைட்டுக்கு மேல் தராது, அதனால் பிளாக் 64 எம், கவுன்ட் 1 என்று ஓட்டினால் பாதி ஃபைல்தான் வரும். டிடியின் ஐஃபிளாக் ஆப்ஷனில் ஃபுல்பிளாக் சேர்த்தால் சரியாகிவிடும்.

ஆனால் இன்றைய என்விஎம்இ டிஸ்க் (வேகமான எஸ்எஸ்டி வகை) நொடிக்கு ஜிபி கணக்கில் எழுதுகிறது, யூரேண்டத்தால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. அங்கேதான் என்கிரிப்ஷன் வேலைகளுக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் கருவி கைகொடுக்கிறது. டெவ் ஜீரோவை அதன் என்க் கட்டளைக்குள் விட்டு ஏஇஎஸ்-128-சிடிஆர் முறையில் (ஏஇஎஸ் என்பது சைஃபர், சிடிஆர் அதை ஓட்டும் விதம்) என்கிரிப்ட் செய்யச் சொல்லுங்கள். சிடிஆர் முறை 1, 2, 3 என்று ஏறும் ஒரு கவுன்டரை என்கிரிப்ட் செய்து, அந்த விடையை நம் டேட்டாவோடு பிட் பிட்டாக எக்ஸ்ஆர் செய்கிறது. பூஜ்யத்தோடு எக்ஸ்ஆர் செய்தால் எதுவும் மாறாது, நாம் கொடுப்பது வெறும் பூஜ்யம் என்பதால் சைஃபர் தரும் பைட் ஓட்டம் அப்படியே வெளியே வந்துவிடும். 2010 முதல் இன்டெல் பிராசசர்களில் ஏஇஎஸ்ஸுக்கென்றே தனி இன்ஸ்ட்ரக்ஷன்கள் இருக்கின்றன, ஒரே கோரில் நொடிக்கு ஒரு ஜிபியைத் தாண்டுவது சாதாரணம்.

எனக்கு வேகத்தைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. அதே கீ, அதே ஐவி (கவுன்டர் தொடங்கும் மதிப்பு) கொடுத்தால் அதே பைட்டுகள் திரும்ப வரும். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலி பென்டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள், இடம் தீர்ந்ததும் சத்தமில்லாமல் பழைய இடத்திலேயே மேலே எழுதும், பூஜ்யம் எழுதிப் பார்த்தால் எல்லாம் சரி என்றே தெரியும். சைஃபர் ஓட்டத்தால் முழுவதையும் நிரப்பி (உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், டிவைஸ் பெயரை இரண்டு தடவை பாருங்கள்), கழற்றி மறுபடி செருகி, அதே ஓட்டத்தை மீண்டும் உருவாக்கி பைட் பைட்டாக ஒப்பிடும் சிஎம்பி கட்டளையில் ஒப்பிடுங்கள். எந்த பைட்டில் முதலில் மாறுகிறது என்று அது சொல்லிவிடும், இதற்கு ஒரு பிரதியைக்கூட எங்கேயும் சேமிக்க வேண்டியதில்லை. கழற்றிச் செருகுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள், இல்லாவிட்டால் மெமரியில் தங்கியிருக்கும் கேஷ்தான் பதில் சொல்லும்.

இதில் பாஸ்வேர்டு கொடுக்கும் ஆப்ஷனை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாஸ்வேர்டிலிருந்து கீ செய்யும் வழி ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0-இல் எம்டி5 என்ற ஹாஷ் முறையிலிருந்து ஷா-256-க்கு மாறியது, ஆகவே பழைய மெஷினில் ஒரு ஓட்டமும் புதிய மெஷினில் வேறு ஓட்டமும் வரும். பெரிய எழுத்து கே ஆப்ஷனில் 32 ஹெக்ஸ் இலக்கம், ஐவிக்கு இன்னொரு 32, நேரடியாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. எழுதிவைத்த கீயில் பிறந்த டேட்டாவைப் பாஸ்வேர்டுக்கோ நிஜமான கீக்கோ தொடவே கூடாது, அதற்கு யூரேண்டம்தான்.

அப்புறம், இந்த ஓட்டத்தில் கொஞ்சம் ஒரு ஃபைலில் வெட்டிவைத்து வரிகளைக் குலுக்கிப்போடும் ஷஃப் கட்டளையின் ரேண்டம்-சோர்ஸ் ஆப்ஷனுக்குக் கொடுத்தால், வரிகளைக் குலுக்கும் வரிசையும் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே வரும். குலுக்கிய டேட்டாவில் மட்டும் விழும் டெஸ்ட் ஒன்று கிடைத்தால், கீயையும் ஐவியையும் வெட்டிய அளவையும் பக் ரிப்போர்ட்டில் சேர்த்துவிடுங்கள், சரிசெய்கிறவர் தன் மெஷினிலேயே அதை விழவைத்துப் பார்க்கலாம்.