பின்னறையின் பொப்கோர்ன் சீலிங்

ஏப்ரல் 12, 2025, சனி
பின்னறைச் சீலிங்கை இந்த வசந்தத்திலேயே எடுத்துவிடுவதென்று முடிவு. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எழுபதுகளில் கட்டின வீடுகளுக்குள் போனால் பெரும்பாலும் தலைக்கு மேலே இதுதான் இருக்கும். பொரித்த சோளம் மாதிரிப் பருப்பருவாக விசிறி அடித்த பூச்சு, தூசி பிடித்தால் துடைக்கவும் ஏலாமல். மனுசியின் தம்பி ட்ரைவோல் வேலைக்காரன், சுவருக்கும் சீலிங்குக்கும் ஜிப்சம் பலகை பூட்டுகிறவன். ஏன்தான் இதை அடித்தார்கள் என்று கேட்டேன். "வேலையை மறைக்கத்தான் அத்தான். பலகை பூட்டினால் மூட்டுகளை மறைக்க மட் எண்ட பசையை மூண்டு தரம் பூசி உரஞ்ச வேணும். மேலாலை இதை அடிச்சுவிட்டால் அரைகுறையா விடலாம். ஆருக்குத் தெரியப்போகுது?"

ஏப்ரல் 14, திங்கள்
புதுவருசம். அம்மா சாப்பிட வந்திருந்தா. சுரண்ட முதல் இந்தப் பூச்சில் அஸ்பெஸ்ரஸ் நார் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேணும் என்றதும் அவவுக்குச் சிரிப்பு. "ஊரிலை சீற்றுக்குக் கீழைதானே மோனை வளர்ந்தனீ."

உண்மைதான். ஆனால் ஊர்க் கூரையின் அஸ்பெஸ்ரஸ் சீற்றில் நார் சீமெந்தோடு இறுகிக் கிடக்கும். அறுத்தால், துளைத்தால், உடைத்தால்தான் பெரிதாகப் பறக்கும். இது விரலால் நசித்தாலே மாவாகிவிடும். நுண்ணிய நார் நுரையீரலுக்குள் போய்த் தங்கினால் நோய் தலைகாட்ட இருபது, முப்பது வருசமும் செல்லும். கனடாவே இதைத் தோண்டி உலகத்துக்கு விற்ற நாடு. கியூபெக்கில் அஸ்பெஸ்ரஸ் என்றே ஓர் ஊர் இருந்தது. 2020இல்தான் பெயரை மாற்றினார்கள். பாவனைக்கும் இறக்குமதிக்கும் நாடு முழுவதும் தடை வந்தது 2018 டிசம்பர் கடைசியில். அந்தத் தடை வீட்டு முகட்டில் ஏற்கெனவே அடித்ததைக் கழற்றித் தராது.

அம்மா கேட்டுவிட்டு, "அப்ப பாயாசத்தை மூடி வை" என்றா.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
மாதிரி எடுத்தேன். தண்ணீரில் கொஞ்சம் சட்டி கழுவும் சோப் கலந்து, விசிறி, ஊறவிட்டு, ஈரமாகவே சுரண்டிச் சிறிய பைகளில் போட்டுப் பூட்டினேன். ஹோலுக்கும் பின்னறைக்கும் வேறு வேறாக. ஹோல் 1973இல் வீட்டோடு வந்தது. பின்னறை தொண்ணூறுகளில் முந்திய சொந்தக்காரர் இழுத்துக் கட்டினது. அஸ்பெஸ்ரஸ் வேலைகளுக்கான ஒன்ராறியோவின் 278/05 விதிமுறை, 90 சதுர மீற்றருக்குக் குறைந்த பரப்பென்றால் மூன்று மாதிரியாவது கேட்கிறது. கலவை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது என்பதால் நானும் ஒன்றோடு நிறுத்தவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி
ஆய்வுகூட முடிவு வந்தது. பின்னறையில் இல்லை. ஹோலில் கிரைசோரைல் என்ற அஸ்பெஸ்ரஸ் வகை, 2 சதவீதம். இங்கே 0.5 சதவீதத்தைத் தொட்டாலே அஸ்பெஸ்ரஸ் உள்ள பொருள்தான். ஆக ஹோலில் நான் கைவைப்பதில்லை. சும்மா இருக்கும்வரை அது ஆபத்தில்லை. ஆணி அடிக்கக்கூடாது, பந்து எறியக்கூடாது, பிறந்தநாளுக்குச் சீலிங்கில் எதுவும் ஒட்டக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டாச்சு.

மே 3, சனி
பின்னறை. தளபாடம் எல்லாம் வெளியே. நிலத்துக்கும் சுவருக்கும் 6 மில் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறு பங்கு) தடிப்புள்ள பிளாஸ்ரிக். சூடாக்கியை நிற்பாட்டி, காற்று வரும் துவாரங்களை ஒட்டி, மின்சாரத்தையும் பிரேக்கரில் அணைத்துவிட்டுத் தொடங்கினோம். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பம்பால் தண்ணீர் விசிறி, கால் மணித்தியாலம் ஊறவிட்டு, அகலமான கத்தியைச் சரித்துத் தள்ளினால் ஈரப் பிட்டு மாதிரிப் பொலபொலவென்று விழுகிறது. மச்சான் கத்தியின் இரண்டு மூலையையும் அரத்தால் உருட்டி எடுத்துத் தந்தான். கூர்மூலை பலகையின் கடதாசியைக் கிழித்துவிடுமாம். தண்ணீர் கூடினாலும் அதே கதைதான். மூட்டில் ஒட்டின பட்டி கழன்று தொங்கும்.

யன்னல் பக்கம் மட்டும் யாரோ முன்பு பெயின்ற் அடித்திருக்கிறார்கள். அங்கே தண்ணீர் உள்ளே இறங்கவே இல்லை. முதலில் உலர்ந்தபடி மேலால் ஒரு சுரண்டு, பிறகு ஈரம், திரும்பவும் சுரண்டு. தோள் போய்விட்டது.

மே 4, ஞாயிறு
பருக்கள் போன பின் தெரிவது மொட்டைப் பலகையும், ஒரு தரம் மட் பூசிய மூட்டுகளும், மூடாத ஆணித் தலைகளும். மச்சான் சொன்னது அச்சொட்டாகச் சரி. அந்த ஆள் விட்டுவிட்டுப் போன வேலையைத்தான் இனி நாங்கள் செய்யவேணும்.

மே 10, சனி
சுரண்டினது ஒரு நாளைய வேலை. மட்தான் கிழமையை விழுங்குகிறது. வேலையால் வந்து பூசு, விடியக் காயவிடு, உரஞ்சு, திரும்பப் பூசு. மச்சானின் முறை: அறையை இருட்டாக்கி, கைவிளக்கைச் சீலிங்கோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிப்பது. நேரே பார்த்தால் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போனான். சீலிங் முழுக்க வட்டம்.

மே 18, ஞாயிறு
பிரைமர் முடிந்து பெயின்றும் முடிந்தது. மினுக்கமே இல்லாத ஃபிளாற் வெள்ளை, ஏனென்றால் மினுங்கினால் மிச்சக் குறையெல்லாம் தெரியும். மூலையில் ஒரு மூட்டு இன்னும் லேசாகத் தெரிகிறது. பின்னேர வெயில் பட்டால் மட்டும், விட்டுவிட்டேன்.

ஹோலுக்கு விலை கேட்டோம். ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "ரெஸ்ற் ஒண்டும் தேவையில்லை அண்ணை, ஒரே நாளிலை இறக்கித் தாறன்" என்றார், மற்றவர்களில் பாதி விலைக்கு. ஆய்வுகூட அறிக்கையை நீட்டியும் வாங்கிப் பார்க்கவில்லை. அவர் வேண்டாம். அறையை முழுவதும் மூடிக் கட்டி, காற்றை வடிகட்டி உறிஞ்சும் இயந்திரம் வைத்துச் செய்பவர்களின் விலைக்கு இந்த வருசம் காசில்லை. அடுத்த வருசம் பார்க்கலாம். பிள்ளைகளின் சட்டம் அதுவரை நீடிக்கும்.