47 வயதில் கருத்தடை லூப் போட்டுக்கொண்ட கதை

மாதவிடாய் நிற்கப்போகிற வயதில் குடும்பத் திட்டமிடலை எப்போது கைவிடலாம்? என்னைச் சுற்றியிருந்த பெண்களிடம் கேட்டால் ஆளுக்கொரு அபிப்பிராயம் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. "நாற்பத்தஞ்சு தாண்டினா இனி என்ன பயம்" என்றார் ஒருவர். "என்ர பெரியம்மாவுக்கு நாற்பத்தாறில பிள்ளை பிறந்தது" என்றார் இன்னொருவர். இரண்டையும் ஒரே மேசையில் இருந்துதான் சொன்னார்கள்.

எனக்கு 47 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறோம். மூத்தவன் ஏ.எல். பரீட்சை எழுதப்போகிறான். மாதவிடாய் கொஞ்சக் காலமாகவே கணக்குத் தப்பித்தான் வந்துகொண்டிருந்தது. ஒருமுறை மூன்று கிழமைக்குள் வந்து படுக்கை விரிப்பு வரை நனைக்கும். அடுத்தமுறை இரண்டு மாதத்துக்கு எட்டியும் பார்க்காது. இரவில் வேர்த்துக் கொட்டும். ஆனால் கொழும்பில் ஏப்ரல் மாதம் வேர்ப்பதை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

அப்படி ஒருமுறை தள்ளிப்போனபோது மார்பு நோவும் குமட்டலும் சேர்ந்து வந்தன. மெனோபோஸ், அதாவது மாதவிடாய் நிற்கும் காலம், நெருங்கும்போதும் இதெல்லாம் வரும், கர்ப்பத்திலும் வரும். உடம்பைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. காலி வீதியில் ஒரு பார்மசிக்குப் போய்க் கர்ப்பம் பார்க்கும் ஸ்ட்ரிப் ஒன்று கேட்டேன்.

"மகளுக்கா அன்ரி?" என்றாள் கவுண்டரில் நின்ற பிள்ளை, குரலைத் தாழ்த்தி.

"இல்லை பிள்ளை, எனக்குத்தான்."

அவளுக்குத்தான் முகம் சிவந்தது. ஸ்ட்ரிப்பைக் கடதாசியில் சுற்றி, ஒரு பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டுத் தந்தாள்.

ஒரு கோடுதான் வந்தது, கர்ப்பம் இல்லை என்று. ஆனாலும் மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள் அதை உடனே நம்பக் கூடாது. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்றே தெரியாதே. கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் சேர்ந்து மூன்று கிழமை போன பிறகு பார்த்தால்தான் நிச்சயம். அந்த இடைவெளியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தலைக்குள் ஓடியது. 45 வயதில் கருத்தரித்தால் ஏறக்குறைய 30 பேரில் ஒருவருக்கு டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை உருவாகலாம். அந்த வயதில் கருச்சிதைவு பாதிப் பேருக்கு மேல் நடக்கிறது. இலங்கைச் சட்டமோ 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. தாயின் உயிரைக் காப்பாற்ற என்றாலன்றிக் கருக்கலைப்புக்கு அதில் இடமில்லை. "தற்செயலா நடந்தா பாப்பம்" என்று சொல்ல இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு வசதி கிடையாது.

இரண்டாவது ஸ்ட்ரிப்பிலும் ஒரு கோடுதான். அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

முதலில் போய்ப் பார்த்த குடும்ப டொக்டர், நான் முழுக்கச் சொல்லி முடிக்குமுன்பே "வயது அப்படி" என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார். எம்.ஓ.எச். என்கிற பிரதேசச் சுகாதார அலுவலகத்து மிட்வைஃப் மிஸ் அப்படி விடவில்லை. பாதி சிங்களம், பாதி தமிழ் என்று பேசுகிற அவர், "அக்கே, 35இலும் 45இலும் எல்லாரும் வரவேணும், நீங்க எங்க போனீங்க?" என்று வெல் வுமன் கிளினிக்கில் பதிந்துவிட்டார். சிங்களத்தில் சுவநாரி என்பார்களே, அதுதான். காசு இல்லை. பிரஷர், சீனி, மார்பகம் பார்த்து, கர்ப்பப்பை வாய்க்கான பரிசோதனையும் எடுத்தார்கள். பிரஷர் கூடுதலாக இருந்தது. இரத்தப்போக்கின் கதையைக் கேட்டதும் வி.ஓ.ஜி. என்கிற மகப்பேற்று, பெண்நோயியல் டொக்டரிடம் போகக் கடிதம் தந்தார்கள்.

வி.ஓ.ஜி. ஒரு பெண். சுருக்கமாகப் பேசுபவர். ஒரு சிநேகிதி சொல்லி நான் எடுத்துப்போன சூலகத்தைத் தூண்டுகிற எஃப்.எஸ்.எச். ஹோர்மோனுக்கான இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். இந்த வயதில் அந்த ஹோர்மோன் ஒரு மாதம் ஏறும், அடுத்த மாதம் இறங்கும்; அதைப் பார்த்து "இனிக் கரு உண்டாகாது" என்று யாரும் சொல்ல முடியாது என்றார். சூலகம் சில மாதம் முட்டை விடாமல் இருக்கும், பிறகு திடீரென்று ஒரு மாதம் விடும். நாள் எண்ணி விலகியிருக்கிற முறை இந்த வயதில்தான் கூடுதலாகக் காலை வாரிவிடும்.

எனக்கு வேண்டியிருந்த கணக்கை அவர் ஒரே மூச்சில் சொன்னார். கடைசி மாதவிடாய் 50 வயதுக்கு முன் வந்திருந்தால் அதன்பிறகு இரண்டு வருடம், 50க்குப் பின் என்றால் ஒரு வருடம் பாதுகாப்பு வேண்டும். 55 ஆனால் பொதுவாக எல்லாரும் விட்டுவிடலாம். இவ்வளவுதான். இதைச் சொல்ல இத்தனை காலம் ஒருவரும் இருக்கவில்லை.

45க்கு மேல் இப்படி இரத்தம் போனால் காரணம் பார்க்காமல் எதையும் போடக் கூடாது என்று முதலில் ஸ்கேன், பிறகு கர்ப்பப்பையின் உட்சுவரில் சின்னத் துண்டெடுத்துப் பரிசோதனை. ரிப்போர்ட் வரும்வரை சோறு இறங்கவில்லை. நல்லவேளை, பயப்பட ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு எதைப் போடுவது என்ற பேச்சு. இரண்டு ஹோர்மோன் சேர்ந்த, மித்துரி போன்ற கூட்டுக் கருத்தடை மாத்திரை பிரஷர் உள்ள எனக்குச் சரிவராது. டெப்போ என்கிற கருத்தடை ஊசி எலும்பின் அடர்த்தியைக் குறைக்கக்கூடியது, இந்த வயதில் அதை யோசித்துத்தான் போடவேண்டும். கர்ப்பப்பைக்குள் வைக்கிற கொப்பர் லூப் எம்.ஓ.எச். கிளினிக்கிலேயே இலவசம். 40க்கு மேல் போட்டால் மெனோபோஸ் வரை மாற்றத் தேவையில்லை. ஆனால் இரத்தப்போக்கைக் கூட்டும், எனக்கு அது ஏற்கெனவே வெள்ளம். கருக்குழாயைக் கட்டுகிற எல்.ஆர்.ரி. செய்தால் பிள்ளைப் பயம் போகும், இரத்தப்போக்கு அப்படியே இருக்கும். ஆண்களுக்கான கருத்தடைச் சத்திரசிகிச்சையான வாசெக்டமி பற்றி வீட்டில் இவரிடம் பேச்செடுத்தேன். பேப்பரை எடுத்து விளையாட்டுப் பக்கத்தை விரித்தார், அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆக, இரத்தப்போக்கையும் குறைக்கிற ஹோர்மோன் லூப். போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கர்ப்பப்பை வாயைப் பிடிக்கும்போது அடிவயிற்றில் ஒரு கொளுவல், உள்ளே போகும்போது இன்னொன்று. "இருமுங்கோ" என்றார் தாதி மிஸ்ஸி. இருமி முடிக்குமுன் வேலை முடிந்துவிட்டது. தலை சுற்றியதால் கொஞ்சநேரம் படுத்திருந்து, பிளேன்ரீ குடித்துவிட்டு மகனோடு முச்சக்கரவண்டியில் வீடு வந்தேன். அவனுக்கு "வயித்துக்குள்ள ஒரு செக்அப்" என்று சொல்லியிருந்தேன். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாக இரத்தம் பட்டுக்கொண்டே இருந்தது, எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது அநேகமாக இல்லை.

மாதவிடாயே வராவிட்டால் மெனோபோஸ் வந்ததை எப்படி அறிவது என்று, லூப்பின் நூல் சரியாக இருக்கிறதா எனக் காட்டப் போன அன்று கேட்டேன். 45க்குப் பிறகு போட்ட ஹோர்மோன் லூப்பைக் கருத்தடைக்காக 55 வரை விட்டுவைக்கலாம், அறியவே தேவையில்லை என்றார் டொக்டர். முந்தி எடுக்க விரும்பினால் 50க்குப் பிறகு எஃப்.எஸ்.எச். பார்த்து, அது 30க்கு மேல் இருந்தால் இன்னும் ஒரு வருடம் வைத்திருந்து எடுக்கலாமாம். வேர்வைக்குத் தருகிற ஹோர்மோன் மாத்திரை கருத்தடை அல்ல என்பதையும் அழுத்திச் சொன்னார். அதை நான் தொடங்கினால் இந்த லூப்பே கர்ப்பப்பையின் உட்சுவரையும் காக்கும், ஆனால் அதற்கு 5 வருடத்துக்கொருமுறை மாற்றவேண்டும். தொடங்குவதா என்று பிரஷர் இறங்கிய பிறகு பார்ப்போம் என்றிருக்கிறார்.