மக்கு உரக் குவியலில் பார்த்ததை எழுதி வையுங்கள்

இங்கிலாந்தின் கென்ட்டில் காய்கறி போட நாங்கள் குத்தகைக்கு எடுத்திருக்கும் அலாட்மென்டில், மக்கு உரக் குவியலைக் கிளறும்போதுதான் அதை முதலில் பார்த்தேன். பென்சில் தடிமன், பளபளவென்று செம்பு நிறம், அசையாமல் சுருண்டு கிடந்தது. பாம்பு என்று நினைத்து இரண்டடி பின்னால் போய்விட்டேன். பக்கத்து நிலத்துப் பெரியவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்லோ வர்ம். அப்படியே விட்டுவிடுங்கள், உங்கள் கீரையைத் தின்னும் ஓடில்லாத நத்தைகளை அது பார்த்துக்கொள்ளும்" என்றார்.

பெயரில் புழு இருந்தாலும் அது காலில்லாத பல்லி. உடம்பில் நம் ஊர் அரணையின் அதே வழுவழுப்பு. கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் கண் சிமிட்டும். பாம்புக்கு இமையே கிடையாதே. பயந்தால் வாலைக் கழற்றிப் போட்டுவிடும், மறுபடி முளைப்பது ஒரு மொட்டை வால்தான், அதனால் தயவுசெய்து கையால் பிடிக்காதீர்கள். ஆண் பெரும்பாலும் ஒரே சாம்பல் பழுப்பு, பெண்ணுக்கு விலாப்பக்கம் கருத்திருக்கும். கோடை முடிகிற நேரத்தில் குட்டி போடும், குட்டிகள் பொன் நிறத்தில் முதுகில் கறுப்புக் கோட்டோடு அவ்வளவு அழகு. கோபன்ஹேகன் உயிரியல் பூங்காவில் ஒன்று 54 வருடம் வாழ்ந்திருக்கிறது!

இரண்டு வருடம் இதையெல்லாம் வீட்டில், நண்பர்களிடம், போனில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஆனால் எங்கேயும் பதியவில்லை. அப்புறம் எங்கள் சந்தின் கடைசியில் முள்ளும் புல்லும் மண்டிக் கிடந்த நிலத்தில் வீடு கட்ட விண்ணப்பம் வந்தது. அதோடு இருந்த, அங்கே என்னென்ன உயிரினங்கள் இருக்கின்றன என்ற அறிக்கையைப் படித்தேன். பழைய பதிவுகளைத் தேடியதில் அந்த இடத்தைச் சுற்றி ஸ்லோ வர்ம் ஒன்றுகூட இல்லை என்று இருந்தது. எத்தனை தடவை பார்த்திருப்பேன் நான்! பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இதை வேண்டுமென்றே கொல்வதும் காயப்படுத்துவதும் குற்றம்தான், ஆனால் அது அங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே மண் தோண்டும் இயந்திரம் வருவதற்கு முன்னால் யாராவது அதை எடுத்து வேறு இடத்தில் விட முடியும்?

பதிவதற்கு நாலே விஷயம்: என்ன, எங்கே, எப்போது, பார்த்தது யார். பார்த்த உயிரினங்களைப் பதிவதற்கான ஐரெக்கார்டு செயலியில் போடலாம், உங்கள் கவுன்டியின் (மாவட்டம் போல) உயிரினப் பதிவு மையத்துக்கும் அனுப்பலாம். ஊர்ப் பெயர் மட்டும் போட்டால் பெரிதாகப் பயன் இல்லை. வரைபடத்தின் ஆறு இலக்கக் கட்ட எண் (கிரிட் ரெஃபரன்ஸ்) கொடுத்தால் நூறு மீட்டர் சதுரத்துக்குள் இடம் தெரிந்துவிடும். ஒரு படமும் எடுத்துவிடுங்கள். பூனை கவ்வி வந்து வாசலில் போட்டதும் பதிவுதான், ரோட்டில் நசுங்கிக் கிடந்ததும் பதிவுதான். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் எழுதுங்கள்.

தேடிப் பார்க்க ஆசை இருந்தால், கூரைக்குப் போடும் தார் ஷீட்டை அரை மீட்டர் சதுரமாக வெட்டி, வெயில் படும் புல் ஓரத்தில் மார்ச் மாதமே போட்டு வையுங்கள், அடியில் அது வந்து ஒதுங்கும். சூடு ஏறாத காலை நேரத்தில் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள், அடியில் இருப்பது நகர்ந்த பிறகு மட்டும் திரும்ப வையுங்கள். ஒன்றும் இல்லையென்றால் "இல்லை" என்றே குறித்துக்கொள்ளுங்கள். நான் முதல் மூன்று வாரம் அதைத்தான் எழுதினேன்.

நாலாவது ஞாயிறு காலை ஒன்பதேகால் மணிக்கு, லேசான வெயிலில், ஷீட்டுக்கு அடியில் இரண்டு பெண், ஒரு ஆண், போன வருடத்துக் குட்டி ஒன்று. வீட்டுக்கு வந்து கை கழுவுவதற்கு முன்னாலேயே பதிந்துவிட்டேன்.