ரசத்தில் மூன்றாவது உப்பு

ஒரே ரசத்துக்கு அம்மா மூன்றாவது தடவை உப்புப் போட்ட பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஸ்கேனில் மூளையின் சின்ன ரத்தக்குழாய்கள் பல இடங்களில் அடைத்திருந்தன. இருபது வருஷப் பிரஷர். மாத்திரையோ தலை சுற்றும் நாளில் மட்டும், தலைவலி மாத்திரை மாதிரி.

"உங்களுக்கு எவ்வளவும்மா இருக்கு?" என்று டாக்டர் என் பக்கம் திரும்பினார். எனக்கு 44 வயது. இரண்டாவது பிரசவத்தில் எட்டாம் மாதம் பிரஷர் ஏறியது. அதற்கப்புறம் பார்த்ததே இல்லை. அங்கேயே பார்த்தார்: 158/96. மாடிப்படி ஏறி வந்தேனே என்றேன். சிரிக்காமல், ஒரு வாரம் வீட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

மெஷின் வாங்கினேன். அதோடு வந்த பட்டை என் கைக்குப் பிடிக்கவில்லை. இறுக்கமான பட்டை அளவைக் கூட்டிக் காட்டுமாம். பெரிய பட்டை தனியாக வாங்க வேண்டியிருந்தது. காபிக்கு முன், பாத்ரூம் போய்விட்டு வந்து, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். பேசக் கூடாது. காலையில் இரண்டு தடவை, ராத்திரி இரண்டு தடவை. முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு சராசரி போட்டால் 146/92. வீட்டில் 135/85-ஐத் தாண்டினாலே பிரஷர்தான். படிக்கட்டின் மேல் பழி போட வழியில்லை.

அந்த வாரம் ராத்திரிகளில் படித்ததில் ஒன்று தூக்கத்தைக் கெடுத்தது. 2017-ல் கலிஃபோர்னியாவில் வந்த ஆய்வு: நாற்பதுகளில் பிரஷர் இருந்த பெண்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு 65% கூடுதல். ஆண்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. பிரஷர் உள்ள ஆண்கள் பலர் மறதி வரும் வயதை எட்டுவதற்குள் போய்விடுவதும் காரணமாக இருக்கலாமாம். நல்ல ஆறுதல்!

டாக்டர் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை 5 மி.கி. அளவில் ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி வரை போகவில்லை. அம்மா மாதிரியே நிறுத்திவிடத்தான் தோன்றியது. போய்க் காட்டினேன், பாதியாகக் குறைத்து டெல்மிசார்டன் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை சேர்த்தார். சில வாரம் கழித்துப் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்க ரத்தம் கொடுத்தேன். வீக்கம் வடிந்தது. ஊறுகாயை விட்டேன், அப்பளத்தை இன்னும் முழுசாக விடவில்லை.

மாத்திரை சாப்பிட்டுப் பிரஷரைக் குறைத்தால் மறதி வராதா என்று டாக்டரிடமே கேட்டேன். 2019-ல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வைச் சொன்னார். மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவரச் சிகிச்சை எடுத்தவர்களிடம் மறதியின் முன்கட்டம் 19% குறைவு. டிமென்ஷியாவே குறைந்தது என்று அடித்துச் சொல்ல அந்த ஆய்வில் முடியவில்லை. எனக்கு அது போதும்.

இன்று காலை பட்டை சுற்றி உட்கார்ந்திருந்தேன். "சாப்பிட்டியாடி?" என்றாள் அம்மா. பேசக் கூடாது. மறுபடி கேட்டாள். மறுபடியும். 126/80. "சாப்பிட்டேம்மா" என்றேன்.